மண்ணில் கார்பன் எப்படித் தங்குகிறது? ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு ஒரு வடிவமைப்புச் சவால்

கேள்வி இது: மண் கார்பனைச் சேமிக்கிறது என்று பாடத்தில் ஒரு வரியோடு போய்விடுகிறது. மாணவர்கள் கையால் செய்து, அளந்து, ஒருவரோடொருவர் போட்டியிட்டுப் புரிந்துகொள்ளும்படி இதை எப்படி அமைப்பது? அரசுப் பள்ளி ஆய்வகத்தில் இருப்பதை வைத்தே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செயல்பாடுகள் ஓர் இடத்தில் சறுக்குகின்றன. "எந்த அணி அதிக இலைதழையை மண்ணில் சேர்க்கிறதோ அது வெல்லும்" என்ற வடிவில் முடிந்துவிடுகின்றன. சேர்ப்பதைச் சேமிப்பதாக எண்ண வைக்கின்றன. மண்ணில் போட்ட தழையின் பெரும்பகுதி நுண்ணுயிர்களுக்கு உணவாகி, கார்பன் டை ஆக்சைடாக மறுபடி காற்றுக்கே போய்விடும். மிச்சம் எவ்வளவு, அது ஏன் மிஞ்சியது என்பதுதான் பாடம். ஆகவே சவாலில் மதிப்பெண் வரவுக்கு இல்லை, மிச்சத்துக்குத்தான்.

முதல் வகுப்பிலேயே ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றிவிடுங்கள். மண் காற்றிலிருந்து கார்பனை உறிஞ்சுவதில்லை. செடி ஒளிச்சேர்க்கையில் பிடிக்கிறது; வேர்க்கசிவாகவும் உதிர்ந்த இலையாகவும் செத்த வேராகவும் மண்ணுக்குக் கொடுக்கிறது. உலக மண்ணில் முதல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மட்டும் ஏறத்தாழ 1,500 பில்லியன் டன் அங்கக கார்பன் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்) இருக்கிறது. காற்று மண்டலத்தில் இருப்பது சுமார் 880 பில்லியன் டன். காற்றை விட அதிகம் மண்ணில் என்பது மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும். அதைவிட முக்கியம், இந்தக் கிடங்குக்கு வரவும் செலவும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கின்றன என்பது.

நம் ஊர் வெப்பத்தில் செலவு வேகமாக நடக்கும். 1977-இல் வெளியான ஓர் ஆய்வில், கதிரியக்கக் கார்பன் அடையாளமிட்ட புல்லை நைஜீரியாவின் இபதானிலும் இங்கிலாந்திலும் மண்ணில் புதைத்து ஜென்கின்சன், அயநாபா இருவரும் ஒப்பிட்டார்கள். இரண்டு இடத்திலும் மட்கும் போக்கு ஒன்றே. வேகம் மட்டும் இபதானில் நான்கு மடங்கு. ஐரோப்பியப் பாடத்திட்டத்தில் வரும் காலக்கணக்கை அப்படியே இங்கே பயன்படுத்தக் கூடாததற்கு இதுவே காரணம். நமக்கு ஒரு லாபமும் உண்டு: அங்கே பல மாதம் பிடிக்கும் சோதனை இங்கே ஆறு வாரத்தில் முடிந்துவிடும்.

சவாலின் விதிகள்

வகுப்பை ஐந்து ஐந்து பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு அணிக்கும் 1 கிலோ உலர்ந்த செம்மண், 15 கிராம் உலர்ந்த தாவரப் பொருள். உலர்ந்த தாவரத்தில் சுமார் 45 விழுக்காடு கார்பன் என்று கொண்டால் 15 கிராமில் 6.75 கிராம் கார்பன். இதுதான் அணியின் முதலீடு. ஆறு வாரம் கழித்து அதில் எவ்வளவு மண்ணில் மிஞ்சுகிறது என்பதே போட்டி.

15 கிராமை ஏனோதானோ என்று வைக்கவில்லை. ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 2,100 டன் (கன மீட்டருக்கு 1.4 டன் என்ற கணக்கில்). கிலோவுக்கு 15 கிராம் என்பது ஹெக்டேருக்கு 31 டன் உலர்தழைக்குச் சமம். எந்த விவசாயியும் ஒரே தடவையில் இவ்வளவு போடுவதில்லை. ஆனால் இதைவிடக் குறைத்தால் பள்ளிக் கருவிகளில் வித்தியாசம் தெரியாது. இந்தக் கணக்கை மாணவர்களையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். வயலின் அளவு அப்போதுதான் உறைக்கும். அதோடு இன்னொன்றும்: அங்கக கார்பனை 0.5-லிருந்து 0.6 விழுக்காடாக்க, அதாவது வெறும் 0.1 புள்ளி ஏற்ற, ஹெக்டேருக்கு 2.1 டன் கார்பன் மிஞ்சி நிற்க வேண்டும். மண்வள அட்டையில் 0.5-க்குக் கீழே 'குறைவு', 0.75-க்கு மேலே 'அதிகம்'. அந்தக் கால் புள்ளியைத் தாண்ட எத்தனை வண்டித் தழை வேண்டும் என்று அவர்களே கணக்குப் போடட்டும்.

எதை மாற்றலாம் என்பதில் அணிகளுக்கு முழுச் சுதந்திரம்: என்ன பொருள் (வைக்கோல், சணப்பை, வேப்பிலை, கடலைக்கொடி, சாணம், கரித்தூள்), எவ்வளவு பொடியாக நறுக்குவது, மேலே மூடாக்காகப் போடுவதா உள்ளே கலப்பதா, மண்ணைக் கிளறுவதா விடுவதா, 200 கிராம் செம்மண்ணுக்குப் பதில் கண்மாய் வண்டல் சேர்ப்பதா. வடிவமைப்பைத் தொடங்கும் முன் எழுதிக் கொடுக்க வேண்டும். "இது ஏன் கார்பனைப் பிடித்துவைக்கும்" என்ற காரணத்தோடு. காரணம் இல்லாத வடிவமைப்பை ஏற்காதீர்கள்.

நான்கு ஓட்டைகளை முன்பே அடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அவற்றில் ஒன்றின் வழியாகத்தான் வெல்வார்கள்.

முதலாவது, தண்ணீரே ஊற்றாமல் விடுவது. காய்ந்த மண்ணில் எதுவும் மட்காது. மிச்சம் 100 விழுக்காடு. ஆகவே ஒவ்வொரு பாட்டிலிலும் ஐந்து கம்பு விதை முளைத்து ஆறு வாரம் உயிரோடு நிற்க வேண்டும் என்பது கட்டாயம்.

இரண்டாவது, சேறாக்கி மூழ்கடிப்பது. காற்றில்லாத மண்ணில் மட்குவது மெதுவாகும் என்பது உண்மை. சதுப்பு நிலங்கள் கார்பனைச் சேர்ப்பது அப்படித்தான். ஆனால் அங்கே மீத்தேன் உண்டாகும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடை விட ஏறக்குறைய 27 மடங்கு வெப்பம் பிடிக்கும். நம் சோதனையோ மீத்தேனைக் காணவே காணாது. எல்லாப் பாட்டிலிலும் அடியில் நான்கு வடிகால் துளை இருக்கட்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த அணிக்கு மதிப்பெண் குறைப்பு.

மூன்றாவது கரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல் மூட்டக்கரி எளிதில் கிடைக்கும். 15 கிராம் கரித்தூள் போட்ட அணி உட்கார்ந்தே ஜெயித்துவிடும், அது ஆறு வாரத்தில் அசையவே அசையாது. ஆனால் அந்தக் கரி எங்கிருந்து வந்தது? மண்மூட்டத்தில் விறகின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் கரியாகிறது. விறகிலிருந்த கார்பனில் சுமார் 60 விழுக்காடு புகையாக ஏற்கெனவே போய்விட்டது. எனவே 15 கிராம் விறகுக்கு ஈடாக 3.5 கிராம் கரி மட்டுமே அனுமதி. இதே நியாயம் நான்காவதான சாணத்துக்கும் மட்கிய உரத்துக்கும்: தின்ற வைக்கோலில் ஏறக்குறைய பாதியை மாடே மூச்சாக விட்டுவிடுகிறது, எருக்குழியிலும் அப்படித்தான். அவற்றுக்கு உலர் எடையில் 7.5 கிராம். புதுச்சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் உலர்த்தித்தான் நிறுக்க வேண்டும்.

இந்த மூன்றாவது, நான்காவது விதிகளை மாணவர்கள் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும். கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்ற அந்த வாக்குவாதம் சவாலின் பாதிப் பயன்.

பாட்டிலும் இரட்டை ஜாடியும்

2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு அடியில் துளை போடுங்கள். கறுப்புத் தாளால் சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் உள்சுவரில் பாசி படரும், பாசி தானே கார்பன் பிடித்துக் கணக்கைக் கெடுக்கும். மண்ணைச் சல்லடையில் சலித்து வேரையும் கல்லையும் நீக்கி, பெரிய தாளில் கொட்டி எல்லா அணிக்கும் ஒரே குவியலிலிருந்து பிரித்துக் கொடுங்கள். தனித்தனியே தோண்டி வந்தால் ஒப்பீடு செல்லாது.

செடி இருக்கும் பாட்டிலில் மண்ணின் மூச்சை, அதாவது நுண்ணுயிர்கள் விடும் கார்பன் டை ஆக்சைடை, அளக்க முடியாது. வேரும் மூச்சு விடும், இலை வெளிச்சத்தில் அதைத் திருப்பி எடுக்கும். ஆகவே ஒவ்வொரு வடிவமைப்புக்கும் ஒரு சிறிய இரட்டை வேண்டும்: அரை லிட்டர் ஊறுகாய் ஜாடியில் 100 கிராம் மண், 1.5 கிராம் தாவரப் பொருள், அதே முறையில், செடி இல்லாமல். கரி அல்லது சாண அணிக்கு அதே விகிதத்தில் குறைவாக. மூச்சுக் கணக்கு முழுவதும் இந்த ஜாடியில். செடி, மண்கட்டி பற்றிய சோதனைகள் பாட்டிலில்.

இவற்றோடு எதுவும் சேர்க்காத வெறும் மண் ஜாடி ஒன்று, மண்ணே இல்லாத வெற்று ஜாடி ஒன்று. வண்டல் சேர்த்த அணி இருந்தால், வண்டல் கலந்து தழை சேர்க்காத ஜாடி இன்னொன்று. வண்டலில் தனக்கென்று கார்பன் ஏராளம், அதை அணியின் கணக்கில் ஏற்றக் கூடாது. ஜாடிகளுக்கு இடமில்லை என்று இவற்றை விட்டுவிடுகிறார்கள். விட்டால் மீதி எல்லாம் வீண்.

ஈரத்தை ஒரே அளவாக வைப்பது இப்படி: 100 கிராம் மண்ணைத் துணி கட்டிய புனலில் போட்டு நீர் நிரப்பி, இரவு முழுக்க வடியவிட்டு நிறுங்கள். கூடிய எடைதான் அந்த மண் பிடிக்கும் நீர். அதில் 60 விழுக்காடு ஊற்றினால் போதும். செம்மண் 30 கிராம் பிடித்தால் ஜாடிக்கு 18 மில்லி. வாரம் இருமுறை ஜாடியை நிறுத்து, குறைந்த எடைக்கு நீர் சேருங்கள். அளக்காத நாட்களில் ஜாடி வாயை மெல்லிய துணியால் மூடினால் காற்றும் போகும், ஈயும் நுழையாது.

மூச்சை அளப்பது

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு மேசைக்கரண்டி, 1 லிட்டர் நீர். பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி மூடி, குலுக்கி, இரவு தெளியவிட்டு மேல் தெளிவை மட்டும் எடுங்கள். அறை வெப்பத்தில் நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் சுமார் 0.021 மோலார். 10 மில்லியில் உள்ளதை முழுதும் கால்சியம் கார்பனேட்டாக்க 2.5 மில்லிகிராம் கார்பன் தேவை; 4 மில்லிக்கு 1 மில்லிகிராம். இந்த இரண்டு எண்ணை மட்டும் மனத்தில் வைத்தால் போதும்.

அகலமான சிறு கிண்ணத்தில் 10 மில்லி ஊற்றி, ஃபினால்ப்தலீன் இரண்டு சொட்டு விட்டால் அடர் ரோஜா நிறம். ஜாடிக்குள் மண்மேல் ஒரு கம்பிவளையத்தில் கிண்ணத்தை நிறுத்தி, மூடியை இறுக்கி, நேரம் குறியுங்கள். நிறம் முற்றிலும் மறைந்த நேரத்தையும் குறியுங்கள். 2.5 மில்லிகிராமை மணி நேரத்தால் வகுத்தால் அந்த நாளின் வேகம்.

தழை கலந்த மண் முதல் வாரத்தில் மூன்று மணி நேரத்திலேயே நிறத்தைப் போக்கிவிடும். வெறும் செம்மண்ணுக்கு அதே 10 மில்லி இரண்டரை நாள் தாங்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கும்போது, சேர்த்த தழை எங்கே போகிறது என்று சொல்லித்தர வேண்டியதே இல்லை. பிந்தைய வாரங்களில் வேகம் குறைந்து நேரம் பள்ளி நேரத்தைத் தாண்டும். அப்போது 4 மில்லிக்கு மாறுங்கள்.

எங்கே கெடும்? மூன்று இடங்களில் அடிக்கடி. மூடி கசிந்தால் எல்லா ஜாடியும் ஒன்றுபோலக் காட்டும். வெற்று ஜாடியை முழுதாக நீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா பாருங்கள், வந்தால் வாசலின் தடவுங்கள். குறுகிய குப்பியில் சுண்ணாம்பு நீர் வைத்தால் மேலே வெள்ளை ஏடு படிந்து உறிஞ்சுவது நின்றுவிடும். அகலக் கிண்ணம், மணிக்கு ஒருமுறை ஜாடியோடு மெல்லச் சுழற்றல். மூன்றாவது வகுப்பறைக் காற்று. நாற்பது பேர் அடைந்திருக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றைப் போல் இரண்டு, மூன்று மடங்கு ஏறிவிடும். ஜாடியை வராந்தாவில் காற்றாடவிட்டு அங்கேயே மூடுங்கள். வெளிக்காற்றே நிரம்பியிருந்தாலும் ஜாடியில் உள்ளது 10 மில்லி சுண்ணாம்பு நீரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் தின்றுவிடும். 4 மில்லியில் 10 விழுக்காடு. வெற்று ஜாடி வைப்பது இதற்காகத்தான்.

சுண்ணாம்பு நீர் கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் ஊற்ற வேண்டாம்.

அளக்கும் நாட்கள்: 2, 7, 14, 28, 42. முதல் நாள் வேண்டாம். காய்ந்த மண் நனைந்ததும் திடீரென்று மூச்சு பீறிடும். கென்யாவில் மண்ணை ஆராய்ந்த பர்ச் 1958-இல் இதை விரிவாக விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முதல் கோடை மழையில் எழும் மண்வாசனையோடு இந்த மூச்சும் எழுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

மிச்சக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. பொடியாக நறுக்கிய வைக்கோலைக் கலந்த ஜாடியில் நிறம் மறைய 2-ஆம் நாள் 3 மணி நேரம், 7-ஆம் நாள் 5 மணி நேரம், 14-ஆம் நாள் 8 மணி நேரம் (மூன்றும் 10 மில்லி). 28-ஆம் நாள் 5 மணி நேரம், 42-ஆம் நாள் 7 மணி நேரம் (இரண்டும் 4 மில்லி) என்று வைத்துக்கொள்வோம். வேகங்கள் மணிக்கு 0.83, 0.5, 0.31, 0.2, 0.14 மில்லிகிராம். வரைபடத்தாளில் நாளுக்கு எதிராக வேகத்தை வரைந்து, கோட்டின் கீழே உள்ள பரப்பைச் சரிவகங்களாகப் பிரித்துக் கூட்டினால் (முதல் இரண்டு நாளுக்கும் 2-ஆம் நாள் வேகத்தையே கொண்டு) மொத்தம் சுமார் 330 மில்லிகிராம் கார்பன். வெறும் மண் ஜாடி இதே ஆறு வாரத்தில் 42 விட்டிருக்கும். கழித்தால் 288. போட்டது 1.5 கிராம் வைக்கோலில் 675 மில்லிகிராம். ஆக 43 விழுக்காடு காற்றுக்குப் போனது, 57 விழுக்காடு மிச்சம்.

சரிவகப் பரப்பை இங்கே ஒரு வேலைக்காகப் போடுவதால் கணித ஆசிரியரும் மகிழ்வார்.

இப்போது கரி அணியைப் பாருங்கள். அவர்கள் 1.5 கிராம் விறகுக்கு ஈடாக 0.35 கிராம் கரி போட்டார்கள். தொடக்கத்திலேயே 60 விழுக்காடு இழந்து 40-இல் நிற்கிறார்கள். ஆறாவது வாரத்தில் வைக்கோல் அணி முன்னால். ஆனால் வைக்கோலின் வளைவு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, கரியின் கோடு படுத்துவிட்டது. வளைவை ஓராண்டுக்கு நீட்டி வரையச் சொல்லுங்கள். எங்கே வெட்டிக்கொள்கின்றன? "யார் வென்றார்?" என்பதற்கு "எத்தனை நாளுக்கு?" என்று திருப்பிக் கேட்கப் பழகினால் அவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

பெரும்பாலும் மேல்மூடாக்கு போட்ட அணி ஆறு வாரத்தில் மிச்சம் அதிகம் காட்டும். தழைக்கு ஈரமும் மண் நுண்ணுயிரும் குறைவாகவே எட்டுகின்றன. அதை உடனே வெற்றி என்று அறிவித்துவிடாதீர்கள். மேலே கிடக்கும் வைக்கோல் இன்னும் வைக்கோல்தான், மண்ணோடு சேரவில்லை. ஒரு தீக்குச்சியோ ஒரு ஆடோ போதும். இதற்காகவே அடுத்த சுற்று.

பூட்டை உடைக்கும் சுற்று

மண்ணில் கார்பன் நெடுநாள் தங்க மூன்று காரணம் சொல்லலாம்: பொருளே கடினமானது (கரி), களிமண் துகளிலும் இரும்பு ஆக்சைடிலும் ஒட்டிக்கொண்டது, மண்கட்டிக்குள் நுண்ணுயிர் எட்டாத இடத்தில் அடைபட்டது. பின்னிரண்டையும் வகுப்பில் காட்ட முடியும்.

ஒட்டுவதைக் காட்ட, பால் கலக்காத கடுந்தேநீர். 20 கிராம் ஆற்று மணல் ஒரு குவளையில், 20 கிராம் களி மிகுந்த செம்மண் இன்னொன்றில். இரண்டையும் முதலில் வெறும் நீரில் இருமுறை அலசி ஊற்றிவிடுங்கள், மண்ணின் சொந்த நிறம் போகட்டும். பிறகு ஆறிய டிக்காஷன் 60 மில்லி வீதம் ஊற்றி ஐந்து நிமிடம் கலக்கி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் தெளியவிடுங்கள். உப்பு களியைத் திரட்டிக் கீழே இறக்கும். மணல்மேல் நிற்கும் நீர் ஏறக்குறைய பழைய நிறத்தில் இருக்கும், செம்மண்மேல் வெளிறியிருக்கும். தேநீரில் கரைந்திருந்த கார்பன் துகளில் ஒட்டிக்கொண்டது. சில மண்ணில் நீர் வெளிறாமல் கறுக்கும். கரைந்த இரும்போடு டானின் சேர்வதால் அப்படி. பழைய கால எழுத்து மை இதே வேதியியல்தான். அந்த மண்ணை விட்டு வேறு மண் எடுங்கள்.

கட்டிக்குள் அடைபடுவதைக் காட்ட, பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டிகள். ஆண்டாண்டாக உழுத வயலிலிருந்து பத்து, அதே வயலின் உழாத வரப்பிலிருந்தோ மரத்தடியிலிருந்தோ பத்து. தேநீர் வடிகட்டியில் வைத்து மெதுவாக நீரில் இறக்கி ஐந்து நிமிடம் காத்திருங்கள். உழுத மண் கரைந்து வடிகட்டி வழியே இறங்கும். வரப்புக் கட்டி பெரும்பாலும் நிற்கும். பூஞ்சை இழையும் வேர்ப்பசையும் கட்டிப் பிடித்திருப்பதுதான் வேறுபாடு. கட்டி ஈரமாக இருந்தால் எதுவும் கரையாது, ஆகவே மூன்று நாள் நிழலில் உலர்த்தியதாக இருக்க வேண்டும். களர் நிலத்து மண்ணாக இருந்தால் சோடியம் களியைப் பிரித்துவிடும். கார்பன் எவ்வளவு இருந்தாலும் நீர் பால்போலக் கலங்கும். அங்கே இந்தச் சோதனை பொய் சொல்லும்.

இப்போது ஆறு வாரப் பாட்டில்கள். மேலே கிடக்கும் தழையை எடுத்துவிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் 200 கிராம் மண் எடுத்து, செடி வேரைப் பொறுக்கிவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். பாதியைக் கட்டி உடையாமல் வையுங்கள். மறுபாதியை அம்மியிலோ உரலிலோ மாவாக அரையுங்கள். இரண்டையும் ஒரே அளவு நனைத்து மறுநாள் மூச்சை அளங்கள். நனைத்ததால் வரும் பீறல் இரண்டுக்கும் பொது. அரைத்ததில் கூடுதலாக வருவது கட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. உழவு ஏன் கார்பனை வெளியேற்றுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று பள்ளியில் கிடைக்காது. மணல் மிகுந்த செம்மண்ணில் இந்த வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும். பூட்டிவைக்கக் களியே இல்லையே. வண்டல் சேர்த்த அணியின் ஜாடியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மதிப்பெண்ணை நான் இப்படிப் பிரிக்கச் சொல்வேன்: மிச்ச விழுக்காட்டுக்கு 40, கட்டி நீரில் நிற்பதற்கு 20, கம்பு எப்படி வளர்ந்தது என்பதற்கு 20, தொடக்கத்தில் எழுதிய காரணம் முடிவோடு ஒத்ததா, ஒவ்வாவிட்டால் ஏன் என்ற விளக்கத்துக்கு 20. கடைசி 20-ஐக் குறைக்காதீர்கள்.

கம்பு பற்றி ஓர் எச்சரிக்கை. வைக்கோலை உள்ளே கலந்த பாட்டிலில் பத்துப் பன்னிரண்டு நாளில் இலை மஞ்சளாகும். நோய் இல்லை. வைக்கோலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எழுபது எண்பது பங்கு கார்பன். அதைத் தின்ன நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்கின்றன. சணப்பையோ கடலைக்கொடியோ பாதி கலந்த அணிக்கு இந்தச் சிக்கல் வராது. நிலைத்த மட்கிலோ பத்துப் பன்னிரண்டு பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். நைட்ரஜன் இல்லாமல் கார்பன் மட்டும் சேமிக்க முடியாது என்பதை அந்த மஞ்சள் இலையே காட்டிவிடும்.

மேல்நிலை வகுப்புக்கு ஒரு கூடுதல் அளவீடு

கார்பனை நேரடியாக அளக்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் வாக்லி–பிளாக் முறை (1934) பள்ளிக்கு வேண்டாம். டைகுரோமேட் புற்றுநோய் விளைவிப்பது, கூடவே அடர் கந்தக அமிலம். பன்னிரண்டாம் வகுப்பு தரம் பார்த்தலுக்கு வாங்கி வைத்திருக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போதும். இது எளிதில் மட்கும் பகுதியை மட்டும் காட்டும். மொத்தத்தை இல்லை, கரியைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

100 மில்லி நீரில் 0.316 கிராம் பெர்மாங்கனேட், 1.47 கிராம் நீரேறிய கால்சியம் குளோரைடு, இது 0.02 மோலார். 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த உலர்மண் 2.5 கிராமில் 20 மில்லி ஊற்றி இரண்டு நிமிடம் குலுக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலிருந்து 0.5 மில்லியை எடுத்து 50 மில்லி நீரில் கலந்து நிறம் பாருங்கள். 0.02, 0.015, 0.01, 0.005 மோலார் கரைசல்களையும் அதேபோல் நூறு மடங்கு நீர்த்து வரிசையாக வெள்ளைத்தாள் முன் வைத்து ஒப்பிடலாம். மண்ணின் நிறம் 0.015-க்கு ஒத்தால் 0.005 செலவாகியிருக்கிறது; அதை 9,000-ஆலும் பிறகு 8-ஆலும் பெருக்க, கிலோவுக்கு 360 மில்லிகிராம். நிறம் முழுதும் போய்விட்டால் மண்ணைப் பாதியாகக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள். வினை நிற்காமல் நடப்பதால் இரண்டும் பத்தும் எல்லாருக்கும் கடிகாரப்படி ஒன்றாக இருக்க வேண்டும். ஈரமண்ணை நேரே போட்டால் ஆக்சிஜன் இல்லாமல் ஒடுக்கப்பட்ட இரும்பும் நிறத்தைப் போக்கி, இல்லாத கார்பனைக் காட்டும். கண்ணில் படும் தழைத்துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கரிசல் பகுதிப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. மண்ணில் வினிகர் விட்டு நுரைத்தால் அது சுக்கான் கல்லின் கார்பனேட், மட்கின் கார்பன் இல்லை. நுரையைப் பார்த்து "எங்கள் மண்ணில் கார்பன் அதிகம்" என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள்.

ஆறு வாரத்தில் மண்ணின் அங்கக கார்பன் விழுக்காடு கூடியதா என்று மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பிப் போட்டியைத் தீர்மானிக்க வேண்டாம். அங்கே போவது மட்காத தழையையும் சேர்த்த எண். எப்படிச் சலித்தார்கள் என்பதைப் பொறுத்தே அது மாறும். நிலைத்த மாற்றத்துக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று காட்ட இரண்டு உதாரணம் போதும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெடில் பிராட்பாக் வயலில் 1843 முதல் ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் போடுகிறார்கள். அங்கே மண்ணின் கார்பன் உரமே போடாத பகுதியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

காலம்: ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கினால் ஆகஸ்ட் கடைசியில் ஜாடிக்கணக்கு முடியும், பூட்டை உடைக்கும் சுற்றுக்கு இன்னும் ஒரு வாரம், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே எல்லாம் ஓய்ந்துவிடும். இரட்டை ஜாடிகளை மட்டும் கழுவிவிடாமல் துணி மூடி அலமாரியில் வைத்து, ஈரம் பார்த்துக்கொண்டு, அரையாண்டுக்கு முன் ஒருமுறையும் ஆண்டிறுதியில் ஒருமுறையும் சுண்ணாம்பு நீர் வையுங்கள். கரி அணி கேட்டுக்கொண்டே இருக்கும்.